கம்பி மூடியைக் கழற்றியவனுக்கு

அன்பு மகன் மாரிசெல்வத்துக்கு, தாராவியிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம். தோஹாவில் நீயும் சுகமாக இருப்பாய். மனசுதான் எனக்குக் கொதிக்கிறது. தமிழ் வாசிக்க வராது என்று தட்டிக்கழிக்காதே, எழுத்துக்கூட்டியாவது முழுக்கப் படி.

உன் மாமன் சொரிமுத்துவின் இட்லிமாவு மிஷின் பெல்ட்டில், அவனிடம் வேலை பார்க்கும் இசக்கிசெல்விக்கு வலதுகையில் இரண்டு விரல் போனது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நம் தெருச் சங்கம் கூடியது. வேண்டுமென்று செய்யவில்லை என்று மாரியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள், உன் மாமனும் பண்ணினான். அவ்வளவுதான், கட்டிங் சாயா குடித்துவிட்டுக் கலைந்துவிட்டார்கள். விரலைக் கொடுத்தவளை ஒருத்தரும் கூப்பிடவில்லை. பெல்ட்டுக்கு மேலிருந்த கம்பி மூடி எங்கே என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை, தூ!

நான் கேட்டேன். உன் மாமன் தலையைக் குனிந்துகொண்டு, "பொங்கலுக்கு வந்தப்ப மாரிதாங்க்கா கழட்டுனான், பெல்ட்டு நழுவும்போதெல்லாம் மூடியத் தொறந்து மாட்ட நேரமாவுது, ஒண்ணும் ஆவாது மாமான்னான்" என்றான். அதனால்தான் ஃபோனில் வக்கீல் மாதிரிப் பேசினாயா? மனசில் கெட்ட எண்ணம் இல்லையென்றால் தப்பில்லையாம், மூடியைக் கழற்றியதால்தான் மாவு வாங்கும் அத்தனை கடைக்கும் நேரத்துக்குப் போனதாம். ஏல, அத்தனை கடைக்காரனுக்காக அவள் விரலைக் கொடுக்க நீ யார்? அங்கே உன் பிளாண்டில் மூடியில்லாத மிஷினில் நீ கை வைப்பாயா? உனக்கொரு நியாயம், தாராவிப் பெண்ணுக்கொரு நியாயமா?

மாமனை ஜெயிலில் தள்ள வேண்டும் என்று அப்பா கத்துகிறார். தள்ளினால் விரல் முளைக்குமா? நான் அவளிடமே போய், உனக்கு என்னம்மா வேணும் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிச் செலவ மொதலாளி பாத்துக்கிட்டாவ பெரியம்மா. நான் பராக்குப் பாத்து கைய விட்டேன்னு தெருவே சொல்லுது. அது பொய்யின்னு, கழட்டுனவங்க அதே கூட்டத்துல சொல்லணும்" என்றாள். கழற்றியது என் மகன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். எனக்குச் சாயா போட எழுந்தவள், இடதுகையால் பாத்திரத்தைப் பிடிக்கத் தெரியாமல் கீழே போட்டாள்.

மாசக் கடைசி ஞாயிறு மறுபடி கூட்டம். லீவு போட்டு வா. வராவிட்டால் நான் எழுந்து உன் பெயரைச் சொல்வேன், பெண்பிள்ளை பேசக்கூடாது என்று எவன் தடுத்தாலும் சொல்வேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மனிடம் தினமும் கேட்கிறேன், நீ தப்பித்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்கமாட்டேன். வெயிலில் அலையாதே, தண்ணீர் குடி. டிக்கெட் போட்டதும் எனக்குச் சொல்ல வேண்டாம், முதலில் இசக்கிசெல்விக்குச் சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
கோமதியம்மாள்