மாமா குடித்த கஷாயம்

கோபக்காரி என்றாலும் என் அருமை அத்தைக்கு,

நேற்று உங்கள் திதி. செடெனாக்கில் நம் வீட்டில் படையல் போட்டோம். உங்களுக்குப் பிடித்த நண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பருப்பு வடை எல்லாம் இருந்தது. சமைத்தது நானில்லை, உங்கள் புருஷன். நீங்கள் இருந்திருந்தால் உப்புக் கூடிப்போச்சு என்று முகத்தைச் சுளித்திருப்பீர்கள். கூடித்தான் போயிருந்தது.

சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாத மனுஷன் எப்படிச் சமையலறைக்குள் வந்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். போன வருஷம் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, அத்தை.

குளிக்கும்போது இடது பக்கம் வேர்க்கடலை அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. நான் மறைக்கவில்லை. அன்று சாயங்காலம் உங்கள் மகன் சிங்கப்பூரில் வேலை முடிந்து எல்லை தாண்டி வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தியதுமே வாசலில் வைத்துச் சொல்லிவிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றார். "நாளைக்கே போலாம்" என்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதையை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு மலாய்ப் பெண். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். முதலில் கீமோ, கட்டி சுருங்கியதும் ஆபரேஷன், மார்பை எடுத்துவிட வேண்டும் என்றார். காருக்கு வந்ததும் உங்கள் மகன் ஸ்டீரிங்கில் தலையை வைத்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கீமோ ஏறிய பிறகு தாளிக்கிற வாசனை பட்டாலே குமட்டல். மாமா கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டார். உங்கள் பேத்தி காவ்யா காலேஜ் விட்டு வந்து வெங்காயம் நறுக்குவாள், தாத்தா போனில் வீடியோ பார்த்துக் குழம்பு வைப்பார். எஸ்டேட் லாரி ஓட்டிய மனுஷன் கரண்டி பிடித்த லட்சணத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். முதல் வாரம் முழுக்க எனக்கு அடிப்பிடித்த கஞ்சிதான்.

இதற்கு நடுவில் காஹாங்கிலிருந்து உங்கள் தங்கை வந்தார். கை நிறைய டுரியான் பெலண்டா, அதாவது முள்சீத்தா இலை. அதைக் கொதிக்கவைத்துக் கஷாயமாகக் குடித்தால் புற்று கரைந்துவிடுமாம், பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கரைந்ததாம். கீமோ நடக்கும்போது எந்த இலையும் வேரும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் முட்டியில் வலியோடு பஸ் மாறி மாறி வந்த மனுஷியிடம் அதை எப்படிச் சொல்வது?

தினமும் காலையில் அவரிடமிருந்து போன் வரும். "கஷாயம் குடிச்சியாமா?" மாமா போனை வாங்குவார். "சட்டி காலி லா" என்பார். பொய்யில்லை, காலிதான். அதை ஒரு சொட்டு விடாமல் அவரே குடித்துக்கொண்டிருந்தார். கீழே ஊற்றினால் பாவமாம். கசப்பு தாங்காமல் பிறகு வாழைப்பழம் தின்பார். மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கிப்போவார்.

கீமோ முடிந்தது. கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அப்போதுதான் உங்கள் தங்கை போனில் கேட்டார்: "கட்டிதான் கரைஞ்சிருச்சே, அப்புறம் எதுக்கு அறுக்கணும்? கஷாயத்தையே குடிச்சுக்கிட்டு இரு, மிச்சமும் போயிரும்."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். கஷாயம் குடித்தது யாரென்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தப் பேச்சு எனக்கு இனித்தது, அத்தை. முடி போனால் முளைக்கும். மார்பு முளைக்குமா? கண்ணாடி முன்னால் நின்று, இதற்குப் பிறகு உங்கள் மகன் என்னைப் பார்ப்பாரா என்று நினைத்தேன். அதைவிடச் செத்துப்போகலாம் என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் மாமா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "மாமா, ஆபரேஷன் வேணாம்னு சொல்லிரலாமா?" என்று கேட்டேன்.

குழாயை மூடினார். திரும்பவில்லை. "ஒங்க அத்தைக்குச் சக்கரையில கால எடுக்கணும்னு சொன்னப்ப, அவளும் இப்படித்தாம்மா சொன்னா. போனா முழுசாவே போயிடறேன்னா. நான் கெஞ்சித்தான் கூட்டிட்டுப் போனேன்."

ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். "அதுக்கப்புறம் நாலு வருஷம் எங்கூட இருந்தா. சக்கர நாற்காலியில ஒக்காந்துக்கிட்டுத் தெனமும் என்னைத் திட்டுனா. அந்த நாலு வருஷத்துல ஒரு நாள்கூட நான் அவ கால நெனைக்கல. அவ இருக்கான்னுதான் நெனைச்சேன்."

மறுபடி குழாயைத் திறந்து மிச்சப் பாத்திரத்தைக் கழுவினார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நோய் தெரிந்த பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான்.

ஆபரேஷனுக்குப் போனேன். உங்கள் தங்கை நாலு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே துணி மூட்டையோடு வந்து இறங்கினார். தையல் ஓரத்திலிருந்து நீர் வடிகிற குழாயும் ஒரு பாட்டிலும் என் கூடவே இருந்தன. அதைத் தோளில் மாட்டிக்கொள்ள பூப்போட்ட பாத்தேக் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். கஷாயப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கட்டுப் பிரித்த அன்று உங்கள் மகன் அறையை விட்டுப் போகவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் தழும்பைப் பார்த்தார். "ரொம்ப வலிக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். உங்கள் மகனை நல்லபடியாக வளர்த்திருக்கிறீர்கள், அத்தை. இதை உயிரோடு இருக்கும்போது சொன்னால் தலைமேல் ஏறிவிடுவீர்கள் என்றுதான் சொல்லாமல் இருந்தேன்.

இப்போது ரேடியேஷனும் முடிந்துவிட்டது. முடி சுருள் சுருளாக முளைக்கிறது, காவ்யா கேலி செய்கிறாள். சில வருஷத்துக்கு மாத்திரை போட வேண்டும். திரும்பி வரவே வராது என்று டாக்டர் சத்தியம் பண்ணவில்லை. இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

நேற்று சூடம் காட்டியபோது மாமா உங்கள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பயத்தை அப்படியே விழுங்கிவிட்டு, "சாப்பிட வாம்மா" என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களை வழியனுப்பிய அதே வாசலில் நின்று இன்னொரு பெண்ணை அவர் வழியனுப்ப நான் விடமாட்டேன். டாக்டர் சொன்ன ஒரு மாத்திரையும் தவறாது, ஒரு செக்கப்பும் தவறாது. என்றைக்கோ அவர் உங்களிடம் வரும் நாளில், நல்ல வேட்டி கட்டி அவரை அனுப்பிவைக்க நான் இங்கே இருப்பேன். அதுவரை நீங்கள் அங்கே தனியாகத்தான் காத்திருக்க வேண்டும். என்னைத் திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள்.

உயிரோடும் கொஞ்சம் திமிரோடும்,
உங்கள் மூத்த மருமகள்
கோமதி