நாக்கால் பார்த்த உப்பு

கோட்டைக்குப்பம்
9.2.1984

ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டவனுக்கு,

உன் ஆராய்ச்சிக்கு, கடலோடு கலக்கும் எங்கள் ஏரித் தண்ணீர் மூன்று இடங்களிலிருந்து வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். ஐந்து வருடம் கழித்து என் விலாசம் இதற்குத்தான் ஞாபகம் வந்ததா?

அன்று காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்பில் பெயர் சொல்லாமல் ஓர் உப்பைக் கொடுத்து, இன்னதென்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நான் அதை நாக்கில் வைக்கப் போனேன். இறால் எங்கே கிடைக்கும் என்று எங்கள் குப்பத்தில் தண்ணீரை நாக்கில் தொட்டுத்தான் பார்ப்பார்கள், அந்தப் பழக்கம். அது விஷ உப்பு, நீ தடுத்தாய், ஒப்புக்கொள்கிறேன். காதோடு சொல்லியிருக்கலாமே! "சார், குப்பத்தான் உப்ப நக்குறான் சார்!" என்று கத்தினாய். வகுப்பே சிரித்தது. அதன்பின் அதுதான் என் பெயர்.

"பரீட்சைக்கு இன்னாத்துக்குடா போவல?" என்று நைனா இன்னும் கேட்கிறார். நான் வலையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவேன்.

மூன்று பாட்டில்களையும் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எண் ஒட்டியிருக்கிறேன். உப்பை அளக்கும் உன் பியூரெட்டை வைத்துச் சரிபார். வரிசை தப்பாக இருந்தால் எனக்கு எழுது.

சரியாக இருந்தால், இப்போது நீ பாடம் நடத்தும் அதே லேப்பில், வகுப்பே கேட்கும்படி கத்திச் சொல்.

இப்படிக்கு,
லேப்பில் உன்னோடு ஒரே மேசையில் நின்ற குப்பத்தான்