என் கையால் எழுதிய குறிப்பு

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

மருத்துவக் கல்லூரித் தேர்வில் மாணவர்கள் விசாரிக்கும் நெஞ்சுவலிக்காரனாக நடிக்கிறேன். பயப்படாதே, வலி பொய். மாணவர் எப்படி விசாரித்தார் என்று நானும் குறிப்பு எழுத வேண்டும். இதுவரை நான் சொல்ல, கல்லூரி எழுத்தர் எழுதி வந்தார். போன வாரம் ஒரு மாணவியைப் பற்றி நானே எழுதினேன்: “கேள்வியெல்லாம் சரி. என் முகத்தைப் பார்க்கவில்லை.”

பேராசிரியர் அதைப் படித்துவிட்டு அந்தப் பெண்ணிடம், “இந்த ஐயா ஒத்துக்கிற வரைக்கும் பாஸ் இல்லம்மா, மறுபடி வா” என்றார். அவள் கண் கலங்கியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று வந்தாள். நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, முகம் பார்த்து, “வலிக்கும்போது பக்கத்துல யாருங்கய்யா இருப்பாங்க?” என்றாள். நடிப்பை மறந்து உன்னைப் பற்றியே பேசினேன்.

“ஐயா, வலியைச் சொல்லுங்க!” என்று சிரித்தாள். நான் ஃபெயில், அவள் பாஸ்.

இங்கே குளிர். என் கம்பளிச் சட்டையை அனுப்பு. ஒருநாள் நீ போட்டுக்கொண்டு, துவைக்காமல் அனுப்பு. அடுத்த தேர்வுக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் கிழவன்