குழுவில் போட்டாச்சு

பெப்ரவரி 11, செவ்வாய்

பாடசாலை விட்டு வந்து சோற்றைப் போட்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது. புஹாரி நானா.

"டீச்சர், சாப்பிடுறீங்களா? சாப்பிட்டுட்டே கேளுங்க. ஒரு மவுத்து."

விவரத்தைச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். அவர் ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டார். நாலைந்து வருடமாக இதுதான் ஒழுங்கு. ஊரில் யார் மவுத்தானாலும் வீட்டார் அவருக்குச் சொல்வார்கள், அவர் எனக்குச் சொல்வார். தமிழ் படிப்பிக்கிறவள், பிழையில்லாமல் எழுதுவாள் என்று ஆரம்பித்தது. இப்போது அந்தக் குழுவில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள்.

பெயர், வசிப்பிடம். பிறகு இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் சகோதரி. கடைசியில் நல்லடக்க நேரம், மையவாடி. ஒரு பெண்ணின் ஆயுள் ஆறு வரியில் முடிந்துவிடும்.

"எனக்கும் ஒன்னு எழுதி வைங்க டீச்சர். நீங்க லீவுல இருக்கிற நாள் பார்த்து நான் மவுத்தாகிட்டா என்ன செய்ற?" என்றார் புஹாரி நானா. சிரித்தேன். பிறகு தட்டைக் கழுவும்போது எனக்கானதை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். பெயர் பஸ்லா. மர்ஹூம்களாகிவிட்ட வாப்பா உம்மாவின் மகள். கட்டாரில் இருக்கும் தம்பியின் சகோதரி. இரண்டு வரி. மூன்றாவதுக்கு ஆள் இல்லை.

இன்று என்னோடு பேசியவர்கள்: நாற்பது பிள்ளைகள், புஹாரி நானா. அலுவிகாரைச் சந்தியில் பாண் வாங்கும்போது கடைக்காரரும் ஏதோ சொன்னார். போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

ஹவ்வா உம்மா மவுத். விடிகாலை, ஸுபஹு தொழுகைக்குப் பிறகு.

அந்த வீட்டுச் சோற்றை எங்கள் வீட்டுச் சோற்றளவுக்குத் தின்றிருக்கிறேன். நூருன்னிஸாவின் உம்மா. நூருவும் நானும் பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தோம்.

இந்த முறை புஹாரி நானா இல்லை. நூருவின் மூத்த நானா ஜிப்ரியே குரல் செய்தி அனுப்பியிருந்தார். "டீச்சர், உம்மா மவுத்தாகிட்டாங்க. பகல் லுஹர் தொழுகையோட எடுக்கிறோம். புள்ளைகள் நானும் அன்ஸாபும்னு போடுங்க. வேற பேர் வேணாம்."

இரண்டு தரம் கேட்டேன். "வேற பேர்" யாருடையது என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடத்துக்கு முந்தி நூரு தூரத்து லக்கலயில் ஒரு சிங்களவரைக் கட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் பெயர் அந்த வீட்டில் இல்லை. உம்மா மட்டும் சின்ன மகன் அன்ஸாபின் போனில் மறைவாகப் பேசுவா.

எழுதினேன். "ஜிப்ரி, அன்ஸாப் ஆகியோரின் அன்புத் தாயாரும்." 6.40க்கு நானே குழுவில் போட்டேன்.

நூருவின் நம்பர் என் போனில் இருக்கிறது. குழுவில் போட்டாச்சு, யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா? இல்லை. நினைக்காமல் இருக்க வீட்டைப் பெருக்கினேன்.

பெப்ரவரி 21, வெள்ளி

நேற்று முழுவதையும் எழுத முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

மூன்றே கால் இருக்கும். மையவாடிக்குப் போன ஆண்கள் திரும்பி வந்து முன்னறையில் இருந்தார்கள். பெண்கள் உள்ளே யாசீன் ஓதிக்கொண்டிருந்தோம். வாசலில் நூரு. முக்காடு கழுத்துக்கு இறங்கியிருந்தது, செருப்பெல்லாம் செம்மண். அன்ஸாப்தான் எழும்பிப் போனான்.

"ராத்தா, எடுத்தாச்சு."

உம்மாவைக் கிடத்தியிருந்த கட்டில் வெறுமையாக இருந்தது. அதையே நூரு பார்த்துக்கொண்டு நின்றாள். ஜிப்ரி நானா எழும்பி வெளியே போனார். நூருவின் வாப்பா இத்ரூஸ் ஹாஜியார் அறைக்குள் மருந்து குடித்துவிட்டுத் தூக்கம். எழுப்ப வேண்டாம் என்றார்கள்.

திரும்பி நடந்தவளை வெளிப் படலையடியில் போய்ப் பிடித்தேன். பன்னிரண்டேகாலுக்குத்தான் தெரியுமாம். எங்களோடு படித்த ஒருத்தி குவைத்தில் இருந்து அந்த அறிவித்தலை அனுப்பி, "மெய்யாவா புள்ள?" என்று கேட்டிருக்கிறாள். லக்கலயில் அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. முச்சக்கர வண்டி பிடித்து, பாதியில் அது நின்று, ஒரு லொறியில் ஏறி...

"காலையில தெரிஞ்சிருந்தா ஏழரை பஸ்ஸுல வந்திருப்பேன்" என்றாள்.

நான் சொன்னேன், "குழுவில போட்டோமே." வாயிலிருந்து வந்தே விட்டது.

"நான் அந்தக் குழுவில இல்லையே பஸ்லா. என்னைய யாரு சேர்ப்பா? ஒன் கிட்ட என் நம்பர் இருந்திச்சி தானே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அறிவித்தலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஆமீன் போட்டிருக்கிறார்கள். ஒருத்தர் தனியாக எழுதியிருக்கிறார்: "டீச்சரின் தமிழ் மனதைத் தொட்டது."

பெப்ரவரி 25, செவ்வாய்

நூருவுக்கு ஒரு செய்தி எழுதினேன். அழித்தேன். எழுதினேன். அழித்தேன். நான் எழுதிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்திருக்குமோ?

மார்ச் 9, ஞாயிறு

நோன்பு எட்டு.

கஞ்சி ஒரு கோப்பை, பேரீச்சம்பழம் மூன்று. பாங்குக்குக் காத்திருக்கும்போது எல்லோருடைய ஸ்டேடஸையும் பார்த்தேன். சுருட்டிய ரோல்ஸ், சமோசா, பழச்சாறு, நீண்ட விரிப்பைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கைகள். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனதில் பாங்கு சொன்னதே கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் குவளை சத்தம் கேட்டுத்தான் நோன்பு திறந்தேன்.

தீமையை மட்டும் எழுதினால் அநியாயம். போன வருடம் பிரசவத்தில் இருந்த ஒரு பிள்ளைக்கு ரத்தம் தேவை என்று இதே குழுவில் போட்டோம். அரை மணித்தியாலத்தில் பலாபத்வலயில் இருந்து இரண்டு பொடியன்கள் வந்து நின்றார்கள். அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முந்தி எங்கள் உம்மா மவுத்தானபோது தம்பிக்கு லீவு இல்லை. நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உம்மாவின் முகத்துக்கு நேரே. "இன்னும் கொஞ்சம் கிட்ட ராத்தா" என்றான். கிட்டப் பிடித்தேன். கை வலித்தது, இறக்கவில்லை. அவன் பார்த்து முடிக்கும் வரைக்கும் கபன் துணியை மூட விடவில்லை.

ஆகவே முகம் பார்ப்பது என்றால் என்ன என்று தெரியாமல் நூருவுக்கு நான் அதைச் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். வாழ்த்துப் படங்கள் அறுபத்து மூன்று. ஒரே பிறையும் ஒரே விளக்குமாக ஏழு பேர் அனுப்பியிருந்தார்கள். கதவைத் தட்டியது எதிர் வீட்டுச் சிங்கள அம்மா மட்டும். கொடுத்த வட்டிலப்பத்துக்கு வெறும் தட்டைத் திருப்பித் தராமல் பழம் வைத்துத் தந்தா.

நூருவின் ஸ்டேடஸில் அவள் உம்மாவின் பழைய படம் ஒன்று. ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நான் பார்த்தேன் என்று அவளுக்குக் காட்டியிருக்கும். அதுதான் எங்கள் பெருநாள் பேச்சு.

ஏப்ரல் 23, புதன்

பத்து மணிக்கு, இடைவேளையில், ஜிப்ரி நானா. "டீச்சர், வாப்பாவை ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. நெஞ்சுல சளி. டொக்டர் ஒன்னும் சரியாச் சொல்றாங்க இல்ல. எல்லாரும் துஆ செய்யச் சொல்லி நல்லா எழுதிப் போடுங்க." கூடவே ஒரு படம். மூக்கில் குழாய், கண் மூடி. ஹாஜியார் தொப்பியில்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதினேன். "எண்பத்து நான்கு வயதான இத்ரூஸ் ஹாஜியார் அவர்களின் பூரண சுகத்துக்காக." அனுப்பும் இடத்தில் விரல் நின்றது.

இதை இப்போது போட்டால் குவைத்தில் இருக்கிறவள் பார்ப்பாள். அவள் நூருவுக்குச் சொல்வாள், நேரம் கிடைத்தால்.

அனுப்பவில்லை. மைதானத்துக்கு இறங்கி நூருவுக்கு அழைத்தேன். நாலு வருடத்துக்குப் பிறகு அழைக்கிறேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தவுடன் ஸலாம் கூட இல்லை.

"யாரு மவுத்து?"

என் பெயரைக் கண்டதும் அவளுக்கு அதுதான் தோன்றியிருக்கிறது.

"யாரும் இல்ல புள்ள. வாப்பா ஆஸ்பத்திரியில. உயிரோட இருக்காங்க. வா."

அவள் பக்கத்தில் ஒரு கோழி கத்தியது.

"ஜிப்ரி நானா விடுவாரா?"

"பன்னிரண்டு மணிக்குப் பார்க்கிறவங்களை விடுவாங்க. அவர்ட வீடு இல்லையே அது. நாளைக்கு நான் வாசல்ல நிப்பேன்."

பிறகுதான் துஆ அறிவித்தலை அனுப்பினேன். பத்து நிமிடம் தாமதம். யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 24, வியாழன்

அரை நாள் லீவு போட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு வந்தாள். பாதையில் யானை நின்றதாம், பஸ் அரை மணித்தியாலம் சுணங்கியதாம். ஒரு பையில் இளநீரும் கொஞ்சம் வாழைப்பழமும். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

வார்டில் ஜிப்ரி நானா கட்டில் தலைமாட்டில். எங்களைக் கண்டதும் முகம் இறுகியது. ஆனால் சுற்றிலும் ஆட்கள், தாதி வேறு. சத்தம் போடவில்லை. நூரு கால்மாட்டில் நின்றாள், கிட்டப் போகவில்லை. ஹாஜியார் கண் திறந்தார். நிறைய நேரம் பார்த்தார். ஆளை மட்டுப்பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

"பஸ்ஸுல எடம் கெடச்சிச்சா?" என்று கேட்டார்.

படிக்கிற காலத்தில் பாடசாலை விட்டு வரும்போது ஒவ்வொரு நாளும் அவளிடம் கேட்பது அதைத்தான். நானும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

"கெடச்சிச்சி வாப்பா" என்றாள். அப்போதுதான் அழுதாள். அவர் கையை விரிப்பின் மேல் திருப்பி வைத்தார், அவள் பிடிப்பதற்கு.

வெளியே நடையில் ஜிப்ரி நானா என்னைப் பிடித்தார். "டீச்சர், ஒங்களை எழுதத்தான் சொன்ன. கூட்டிட்டு வரச் சொல்லல."

"எழுதினேன் தானே" என்றேன்.

ஏப்ரல் 26, சனி

குழுவில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். காலை எட்டு ஐந்துக்கு. ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

புஹாரி நானா தனியாக அழைத்தார். "என்ன செய்ற டீச்சர், ஜிப்ரி நிர்வாகத்துல இருக்கிறவரு. கொஞ்ச நாள் போகட்டும். எனக்கு எழுதி வைக்கச் சொன்னதை மட்டும் மறந்திராதீங்க." அவரால் முடிந்த ஆறுதல்.

நான் பிழை செய்தேனா? இல்லை. பிறகு ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது?

மே 4, ஞாயிறு

எட்டு நாளாகப் போன் அடிக்கவில்லை. சார்ஜ் இறங்குவதே இல்லை. மற்றவர்களின் மவுத்துதான் எனக்குத் தொடர்பாக இருந்தது என்பதை இப்படித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அழைத்தவர்களுக்கு நான் தேவைப்படவில்லை, என் ஆறு வரி தேவைப்பட்டது. ஆனாலும் அந்தச் சத்தம் வேண்டும் போல இருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது இதை எழுத.

சந்தியில் பாண் கடைக்காரர் கணபதி. பெயரே இன்றுதான் கேட்டேன். அவர் மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை.

மே 8, வியாழன்

நூரு அழைத்தாள். ஒரு காரணமும் இல்லை. மரவள்ளியைக் காட்டுப்பன்றி கிண்டிவிட்டதாம். பதினொரு நிமிடம் பேசினோம்.

மே 15, வியாழன்

ஸுபஹு தொழுது பாயில் இருக்கும்போதே போன். நூரு.

"வாப்பா மவுத்தாகிட்டாங்க. இப்பதான், பத்து நிமிஷம். அன்ஸாப் எனக்கு எடுத்துச் சொன்னான். நேரே எனக்கு." மூச்சு வாங்கியது. "முதல் பஸ்ஸுல ஏறுறேன். ஒன்னைய யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு தெரியும், அதுதான் நான் கூப்பிடுறேன். அலுவிகாரையில நில்லு."

அதிபருக்குச் சொல்லிவிட்டுப் போய் நின்றேன். பஸ் நிறைந்து வந்தது. உள்ளே யன்னலோரம் அவள். பக்கத்து இடத்தில் தன் பையை வைத்திருந்தாள். நாவுலயில் இருந்து எத்தனை பேர் அந்தப் பையை எடுக்கச் சொல்லியிருப்பார்கள். நான் ஏறியதும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு முந்திப் போய்விட்டோம். படலையில் அன்ஸாப் நின்றான். ஜிப்ரி நானா எங்களைக் கண்டு வழி விட்டு ஒதுங்கினார். நூரு வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இம்முறை அறிவித்தலை யார் எழுதினார்களோ, அதில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று போட்டார்களோ. நான் இன்னும் பார்க்கவில்லை.