கல் விழாத டிசம்பர்

கூட்டேரிப்பட்டு
2.3.2025

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பொங்கல் லீவு முடிந்து நீங்கள் திரும்பிய ராணுவ முகாமில் பனி குறைந்ததா? இங்கே போன மாதம் முழுக்க ஒரே பேச்சு, 2032 டிசம்பரில் விண்கல் பூமியில் மோதப்போகிறது என்று. வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, நெடுஞ்செழியன் மாமா வாங்கிவந்த மாங்கன்றுகளை நடாமல் போட்டுவிட்டார். "ஏழு வருசத்துல எல்லாம் போவப்போவுது, இத்த எதுக்கும்மா நட்டுக்கினு?" என்றார்.

அதனால் நேற்று நம் நூலகத்தில் எல்லாரையும் உட்காரவைத்துச் செய்தித்தாளைப் படித்துக் காட்டினேன். மோத நூற்றில் மூன்று பங்கு வாய்ப்பு என்று முதலில் கணித்தவர்கள், தொடர்ந்து கவனித்தபின் பூமிக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"தூரத்துல வர்ற பஸ்ஸு மயிலம் திரும்புமா, திண்டிவனம் போவுமான்னு தெரியாது. கிட்ட வந்தா தெரியுதுல்ல, அப்படித்தான்" என்றேன். மாமா அப்போதே கன்று நடக் கிளம்பிவிட்டார்.

மற்றவர்கள் 2032இல் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன வயது என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள். "எம்பொண்ணு காலேஜ் முடிச்சிருக்கும். உங்க வூட்ல, மேடம்?" என்று காந்திமதி அக்கா கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நமக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் என்பது ஊருக்கே தெரியுமே.

அதற்கு முந்தின நாள்தான் விழுப்புரம் டாக்டரம்மா எனக்கு உறுதியாகச் சொல்லியிருந்தார்.

"ரெண்டாங்கிளாஸ் படிக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த நூலகத்தில் அவ்வளவு சத்தம் எழுந்ததே இல்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்ல நினைத்தேன், வாய் முந்திக்கொண்டது. கோபிக்காமல் அக்டோபருக்கு லீவு கேளுங்கள்.

இப்படிக்கு,
நாங்கள் இருவரும்