பேய்க்குப் போட்ட தாழ்ப்பாள்

மார்ச் 4

என் வாயாடி மகளுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இங்கே மலைமேல், தண்ணீர் வற்றியதால் ஜனங்கள் விட்டுவிட்டுப் போன ஊர் ஒன்று இருக்கிறது. பேய் ஊர் என்பார்கள். சாயங்காலமானால் வீடு வீடாகக் கதவுகள் தாமாக அறையும். அதைக் கேட்கவே ஆட்கள் மலையேறி வருகிறார்கள். அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாள்தான் வழிகாட்டி. தினமும் அங்கே டீ குடிக்கிற என்னையும் ஒரு நாள் கூட்டிப்போனார்.

பேயாவது பிசாசாவது! கீலெல்லாம் தளர்ந்து கிடக்கிறது, காற்றடித்தால் அறையாமல் என்ன செய்யும்? ஆயுசெல்லாம் கதவு செய்து பிழைத்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? அம்மாள் மற்றவர்களுக்கு மலையுச்சிப் பாறையைக் காட்டப் போயிருந்த நேரத்தில், ஒவ்வொரு கதவாக முடுக்கித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் ஊரே கப்சிப்.

வந்தவர்கள் முகம் தொங்கிப்போய் இறங்கினார்கள். அதற்குப் பிறகு யாரும் வருவதில்லை. அம்மாள் டீ டம்ளரை நங்கென்று வைத்து, "பேய வச்சுதான் நாலு பேரு என் கடைப் பக்கம் வந்தாங்க. அதையும் அடைச்சுப் பூட்டிட்டீங்களே, நல்லா இருக்கு!" என்றார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. என்ன செய்யட்டும், சொல்.

உன் அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

எக்ஸ்ரே அறையில் வைத்துப் படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் நோயாளியும் சிரித்து அசைந்து, படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. எல்லாம் உங்களால்தான்.

பரண் மேல் ஏறச் சொன்னாலே அம்மாவிடம் "முட்டி வலிக்குது" என்பீர்கள். மலை மட்டும் எப்படி ஏறினீர்கள்? ஒரு டீக்கடைக்காரர் பேசாவிட்டால் வேறு டீக்கடையா இல்லை? சாப்பாடு இறங்காத அளவுக்கு என்ன?

கோபமில்லை அப்பா. அம்மா போன பிறகு உங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் வயிறு எரிகிறது, அவ்வளவுதான். போய்க் கதவுகளைப் பழையபடி தளர்த்திவிட்டு வாருங்கள். தனியாகப் போகாதீர்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 27

என் கண்ணுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். கெட்டுப்போனதைச் சரிசெய்தே பழகியவனுக்கு நல்ல கதவைக் கெடுக்க முதலில் கை வரவில்லை. தனியாகப் போகாதே என்றாயே, அம்மாளைத்தான் கூப்பிட்டேன். முறைத்துக்கொண்டே வந்தார். அவர் கதவைப் பிடித்துக்கொள்ள, நான் திருகாணியைக் கழற்றினேன். கடைசிக் கதவு படாரென்று அறைந்தபோது இரண்டு பேருமே அலறிவிட்டோம். அப்புறம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இறங்கும்போது அவர், "நீங்களும் தனியா, நானும் தனியா. ஆளுக்கொரு வீட்டுல எதுக்கு அடுப்பு எரியணும்?" என்றார். அவரும் கணவரைப் பறிகொடுத்தவர். "பொண்ணக் கேக்கணும்" என்றேன். "கேளுங்க. கேக்காம வந்தா நானே உள்ள விடமாட்டேன்" என்றார்.

அம்மாவின் இடம் அம்மாவுக்குத்தான். ஆனால் எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது. இந்த வயதில் உன்னிடம் இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் வேண்டாம், உன்மேல் வருத்தப்படமாட்டேன்.

அப்பா

ஏப்ரல் 9

அன்பு அப்பா,

முதலில் வேண்டாம் என்றுதான் எழுதினேன், பக்கம் பக்கமாக. உறையைக்கூட ஒட்டிவிட்டேன். பிறகுதான், இதைப் படித்துவிட்டு நீங்கள் மறுபேச்சில்லாமல் "சரிம்மா" என்பீர்கள் என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன்.

நீங்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது அம்மாவுக்கு என்றைக்குமே பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். வந்து அவரைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் குழப்பம். ஆன்ட்டி என்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவது போல இருக்கிறது. நேற்று கண்ணாடி முன்னால் நின்று "சித்தி" என்று சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை "சித்" என்பதோடு நின்றுவிட்டேன். இரண்டாம் தடவை வந்துவிட்டது.

அப்படிக் கூப்பிட்டால் அவருக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதுங்கள்.

உங்கள் மகள்