தூக்காத கால்

அன்புள்ள லுவெல்லா,

இடுப்பு வலி குறைந்ததா? மாத்திரையைத் தவறவிடாதே. வர்ஜீனியாவில் எனக்கும் என் நூலக வேலைக்கும் குறையில்லை. எழுத்து கோணலாக இருப்பது கோபத்தால்தான், பயப்படாதே.

சனிக்கிழமை பாட்டுக்கூடத்தில் பிடிலும் பாஞ்சோவுமாக வட்டமாக உட்கார்ந்திருந்தோம். முதல்முறையாக நான் பாட்டைத் தொடங்கினேன். உன் அப்பா உனக்காகக் கட்டிய மெட்டு.

இரண்டு சுற்றுகூட ஆகவில்லை. கூடத்து முதலாளி ஸ்டிடம் என்பவன் மைக்கில் கத்தினான்: "என்ன பெரியவரே, இது என்ன சாவு வீடா? முடிங்க, ஜனங்க ஆட வந்திருக்காங்க!"

கூட்டம் சிரித்தது. உன் அப்பாவின் மெட்டுக்குச் சிரித்தார்கள், லுவெல்லா! தொடங்கியவன் காலைத் தூக்கிக் காட்டினால்தானே பாட்டு முடியும்? நடுவில் நிறுத்தச் சொல்ல அவன் யார்? நம் கென்டக்கியில் எவனாவது சொல்வானா?

ஆனால் என்னைத்தான் உனக்குத் தெரியுமே, யாராவது அதட்டினால் அடங்கிவிடுவேன். குதிகால் தானாக எழும்பியது. பாஞ்சோக்காரி ஆர்ஃபா பார்த்துவிட்டாள்.

"காலைத் தூக்கினீங்க, நானே மிதிச்சிடுவேன் வாத்தியாரே! அவன் கத்தட்டும், நீங்க வாசிங்க."

காலைத் தரையில் அறைந்தேன். ஸ்டிடம் விளக்குகளை அணைத்தான். இருட்டிலேயே வாசித்தோம். அவன் வெளியே போன பிறகும் வாசித்தேன், கோபம் தீரவில்லை. பிடில் வில்லை அழுத்தியதில் ஓரிடத்தில் சுருதி தப்பியது. நான் செய்தது சரிதானா?

இனி எங்களைக் கூடத்துக்குள் விடமாட்டானாம். வரும் சனிக்கிழமை வாசலில் வாசிக்கிறோம். அங்கே குளிராக இருக்கும்; கம்பளிக் காலுறையும் வில்லுக்குப் பிசினும் அனுப்பு. பஸ்ஸில் உட்கார முடிந்தால் நீயே கொண்டுவா. நீ போதும் என்று சொல்லும்வரை காலைத் தூக்க மாட்டேன்.

தபால்காரர் வந்துவிட்டார்.

உன்
ஈபர்ட்